ஏழுமலையிடம் யாரும் துக்கம் கேட்கவில்லை

என் ஏழுமலைத் தம்பிக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உன் பாத்தியில் இப்போது உன் மச்சினன்தான் உப்பு வாருகிறான். உன் வேகம் கிடையாது, வாய் மட்டும் உன்னைவிட நீளம்.

சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் மூன்று நாள், என் மளிகைக் கடை வண்டியில் நாம் ஏற்றி இறக்கிய உடல்களில் ஒன்றுகூட நம் சொந்தம் இல்லை. நம்மை யாரும் கூப்பிடவும் இல்லை, நாமாகத்தான் போனோம். பிறகு மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நீ அதை உடனே தோளிலிருந்து இழுத்துப் போட்டாய். "கூச்சப்படாதடா டேய்" என்று நான் உன்னைக் கிள்ளினேன். எனக்கு அறிவிருந்ததா?

அதற்கப்புறமும் ரோட்டில் வண்டி மோதினாலும் கடலில் ஆள் மூழ்கினாலும் முதல் போன் உனக்குத்தான் போட்டேன். ஏழுமலைக்குக் கல் நெஞ்சு என்று பெருமை பேசியதும் நான்தான். நீ மீன் தின்பதை விட்டாய், சாராயத்தைத் தொட்டாய். கேட்டால், "ஒண்ணுமில்ல பாய், நீங்க கடையப் பாருங்க" என்பாய். நானும் கடையைப் பார்த்தேன். காமாலையில் நீ படுத்த பிறகுதான் உன் மனைவி செல்வி சொன்னாள்: "தூக்கத்துல, உன் பேரு இன்னா, உன் பேரு இன்னான்னு கேட்டுக்கினே இருக்காருண்ணே."

உன் சாவுக்கு ஊரே வந்து துக்கம் கேட்டது. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உங்களுக்குப் பதினாறாம் நாள், எங்களுக்கு மூன்றாம் நாள் பாத்திஹா என்று அவரவர் வீட்டுச் சாவுக்கு வந்து உட்கார ஆள் இருக்கிறது. அத்தனை பேரைத் தூக்கினாயே, உன் பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள்?

இப்போது இந்த வேலைக்கு நம்மோடு வரும் ஆட்களில் ஒருவன் உடலைத் தூக்கினால், மறுநாள் காலை மற்றவர்கள் அவன் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிறோம். போன வாரம் முருகன் வீடு. கடலில் மூழ்கிய ஒரு பெண்பிள்ளையை அவன்தான் கரைக்குத் தூக்கி வந்தான். நாங்கள் பேசாமல் போய் உட்கார்ந்ததும், "ஐயோ, எங்க வீட்ல யாரு செத்துட்டா?" என்று அவன் சம்சாரம் அலறிவிட்டது.

முருகன் சிரித்தான். "ஒண்ணுமில்ல பாய், ஏன் வேலை கெட்டு வந்தீங்க?"

அதே வார்த்தை. நான் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது டீ ஆறிப்போன பிறகு, "அந்தப் பொண்ணு கையில மருதாணி இருந்துச்சு பாய்" என்று அழுதான். அழட்டும் என்று இருந்தோம். துக்க வீடு என்பதால், கிளம்பும்போது வருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை.

நேற்று செல்வி கடைக்கு வந்தாள். சாமான் எதுவும் வாங்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்களுந்தான் அவரோட தூக்கினீங்க. உங்கள யாருண்ணே கேட்டாங்க?"

ஒண்ணுமில்லம்மா என்று வாய் வரை வந்தது. அதைச் சொல்ல முடியாமல், பாதிக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அவள் எழுந்து போகவில்லை. போகும்போது சொல்லிக்கொள்ளவும் இல்லை.

இனி எவன் அந்த வார்த்தையைச் சொன்னாலும் நான் எழுந்து போக மாட்டேன், தம்பி. நானும் அதைச் சொல்ல மாட்டேன்.

உன்னோடு பிறக்காத உன் அண்ணன்,
கூனிமேடு சாதிக்