நம் ஊரில் எந்த ஹோட்டல் நல்லது என்று கேட்டாய்

ரீகா விமான நிலையம்,
ஏப்ரல் 14, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தாருவுக்கு,

நானும் உன் அம்மாவும் சௌக்கியம், என் முழங்கால் வலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால். நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஓனாவும் பெர்த்தில் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே மூடுபனி, விமானம் மூன்று மணி நேரம் தாமதம் என்று பலகையில் போட்டிருக்கிறார்கள், மூன்று என்றால் ஐந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டும், அதனால் உன் மின்னஞ்சலுக்குப் பதிலைக் கையாலேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். தாளைப் பார்த்துச் சிரிக்காதே, ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு ஹோட்டலின் பெயர் போட்டிருக்கும், எல்லாம் என் பையின் அடியில் வருஷக்கணக்கில் கிடந்தவை. இதையாவது உருப்படியாக ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தினேன் என்று இருக்கட்டும்.

ஜூன் ஒன்பதாம் தேதி மூன்று பேரும் வருகிறீர்கள், பத்து நாள் இருப்பீர்கள், வீட்டில் எங்களுக்குச் சிரமம் வேண்டாம், நம் ஊர் குவோபியோவிலேயே ஒரு ஹோட்டலில் தங்கிக்கொள்கிறோம், எது நல்லதென்று உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும் அப்பா என்று எழுதியிருந்தாய். அதை நாலு தரம் படித்தேன். பிறகு சமையலறைக்குப் போய் உன் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்காமலேயே, "தௌனோ, அவ ஹோட்டலைப் பத்திக் கேட்டிருக்கா. அதுக்கு மட்டும் பதில் எழுது. வீட்டுக்கு வா, வீட்டுக்கு வான்னு பிடுங்காதே" என்றாள். சொல்லிவிட்டு உருளைக்கிழங்கைத் தோல் சீவப் போய்விட்டாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன், கேட்டதற்கு மட்டும்.

முப்பத்தொரு வருஷம் மரம் அறுக்கும் ஆலைகளுக்கு ரம்பம் விற்றுக்கொண்டு ஊர் ஊராய் அலைந்தவன் சொல்கிறேன், நட்சத்திரத்தைப் பார்த்து ஹோட்டல் எடுக்காதே. ஐந்து நட்சத்திரம் என்றால் தலையணை ஆறு இருக்கும், அதில் ஒன்றும் கழுத்துக்கு ஆகாது, அவ்வளவுதான் வித்தியாசம். பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். லிஃப்டுக்குப் பக்கத்து அறை கூடாது, வருகிறவன் போகிறவன் எல்லாம் நம் தலைமாட்டில் நின்று பேசுவான். திரைச்சீலை நடுவில் சேர்கிறதா என்று இழுத்துப் பார், நம் ஊர் ஜூன் மாதத்து நடுராத்திரி வெளிச்சத்தில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலும் குழந்தை தூங்காது. மூன்றாவது குளியலறைக் குழாய். அதை யார் செய்கிறார்களோ தெரியவில்லை, ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு தினுசு, திருகுவதா தூக்குவதா அழுத்துவதா என்று தெரியாமல் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உடையில்லாமல் நின்று பச்சைத் தண்ணீரைத் தலையில் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது சோப்புப் புட்டியைக்கூடச் சுவரில் அறைந்துவிட்டார்கள், திருடிக்கொண்டு போய்விடுவோமாம். அதற்குப் பக்கத்திலேயே பூமியைக் காப்பாற்ற உதவுங்கள், துண்டை மறுபடி உபயோகியுங்கள் என்று ஒரு அட்டை. நான் காப்பாற்றிய பூமியின் அளவு எனக்கே மலைப்பாக இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சொன்னால் மனம் சலித்துப்போகிறது. தனியாகப் போகிறவனுக்கு எந்த ரெஸ்டாரண்டிலும் இடம் ஒன்றுதான், கழிவறைக் கதவுக்கு எதிரே இருக்கும் மேஜை. உட்கார்ந்ததும் பரிமாறுகிறவர் வந்து, இன்னும் யாராவது வருகிறார்களா என்று கேட்பார், இல்லை என்றதும் எதிரே வைத்திருக்கும் தட்டையும் கிளாசையும் முள்கரண்டியையும் எடுத்துக்கொண்டு போவார். அந்தச் சத்தம் இருக்கிறதே, அதற்கு நான் இன்னும் பழகவில்லை. சாப்பாட்டு அட்டையில் ஒரு உருளைக்கிழங்கைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தால் எழுந்து வந்துவிடு, லாரிக்காரர்கள் சாப்பிடுகிற இடத்துக்குப் போ, வயிறு கெடாது. நம் ஊரில் உனக்கு அந்தக் கவலை இல்லை, துறைமுகத்தில் ஏரிப் பொடிமீனை வெண்ணெயில் வறுத்து உருளைக்கிழங்கு மசியலோடு கொடுக்கிற கடை அப்படியே இருக்கிறது, மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடு, முள்ளோடு சாப்பிடுவது என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

விமான நிலையத்துக்கு என் புத்திமதி இது. வரிசையில் நிற்கும்போது குழந்தைக்காரக் குடும்பத்துக்குப் பின்னால் நிற்காதே என்று எல்லாருக்கும் சொல்லுவேன், உனக்கு அதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, இப்போது அந்தக் குடும்பமே நீதான். விமானம் மாறுகிற இடத்தில் இரண்டரை மணி நேரமாவது விட்டு டிக்கெட் எடு. நாற்பது நிமிஷம் போதும் என்று கம்ப்யூட்டர் சொல்லும், கம்ப்யூட்டருக்கு மூன்றரை வயசுக் குழந்தை கிடையாது. ஓனாவுக்கு மாற்று உடுப்பு இரண்டு செட் கைப்பையில் இருக்கட்டும். கடையில் எதையும் வாங்காதே, எனக்குச் சாக்லேட் வேண்டாம், நான் உனக்கு வாங்கி வந்த சாக்லேட்டுகளை இப்போது நினைத்தால் எனக்கே கசக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே முக்கோணப் பெட்டி. உன் பிறந்தநாளுக்கும் அதுதான், நீ பள்ளியில் பாடியதைப் பார்க்க வராததற்கும் அதுதான்.

சரி, ஹோட்டலுக்கு வருகிறேன். போன சனிக்கிழமை நானே போய்ப் பார்த்தேன். சந்தைத் திடலில் இருப்பது வேண்டாம், கீழே பாட்டுக் கச்சேரி வைக்கிறார்கள். குன்றுக்குப் போகிற சாலையில் ஒன்று இருக்கிறது, சுத்தமான இடம், ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தில் யார் ஏறுவது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் தேவலை. அங்கே வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அறையைக் காட்டச் சொன்னேன். மூன்று பேர் தங்குகிற மாதிரி நாலாவது மாடியில் நல்ல அறை இருக்கிறது என்றாள், நாலாவது மாடி வேண்டாம் என்றேன். மூன்றாவது மாடியில் 306 காட்டினாள். கட்டிலில் படுத்துப் பார்த்தேன், குழாயைத் திறந்து பார்த்தேன், திரையை இழுத்துப் பார்த்தேன், எல்லாம் சரி. திரையை மறுபடி விலக்கியபோதுதான் ஜன்னல் வழியே தெரிந்தது. ஏரி வளைவுக்கு அந்தப் பக்கம், கரையில், மஞ்சள் சுவர், அதன் கீழே நம் சவுனாவின், அந்த நீராவிக் குளியல் குடிலின், புகைபோக்கி. சனிக்கிழமை அல்லவா, உன் அம்மா அடுப்பு மூட்டியிருந்தாள், புகை வந்துகொண்டிருந்தது.

ஆயிரக்கணக்கான ஹோட்டல் ஜன்னல்களில் நின்றிருக்கிறேன் தாரு, கார் நிறுத்துமிடம் தெரியும், யாரோ ஒருவருடைய மொட்டை மாடி தெரியும், யாரோ ஒருவருடைய சமையலறை விளக்கு தெரியும். நம் வீடு தெரிந்தது அன்றைக்குத்தான். அந்தப் பெண், எத்தனை நாள் தங்கப் போறீங்க என்றாள். நான் தங்கலை, என் மக தங்கறா, ஆஸ்திரேலியாவிலிருந்து வர்றா என்றேன். அப்ப உங்க வீடு எங்கே என்றாள். அதோ என்று கையைக் காட்டினேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கீழே வந்து ஒன்பதாம் தேதிக்கு அறையை என் பெயரில் பதிந்துகொண்டு சாவி அட்டைகளைத் திரும்ப வாங்கி வைக்கும்போது, நான் கேட்காமலேயே ஒன்று சொன்னாள், அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நாலாவது மாடி ஏன் வேண்டாம் என்றேன் என்பது உனக்குத் தெரியும். நீ போன முறை வந்தபோது பத்து நாள் இருந்தாய், நான் ஒன்பது நாள் ஜெர்மனியில் ஒரு கண்காட்சியில் இருந்தேன். வெள்ளி இரவு வந்து படுத்தேன், சனி மத்தியானம் உனக்கு விமானம். காலையில் நீ எனக்கு முன்னால் எழுந்து ஏலக்காய் பன் சுட்டு வைத்திருந்தாய், நான் மேஜையில் உட்கார்ந்து போனில் ஏதோ ஒரு ஆலைக்காரனுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். என் வலது தோளுக்குப் பக்கத்தில் காப்பிக் கெட்டிலோடு நின்று, ஊத்தட்டுமா என்று கேட்டாய். நான் தலையை நிமிர்த்தாமல், "நானூத்திப் பன்னெண்டு" என்றேன். ஜெர்மனியில் என் அறை எண். காலைச் சாப்பாட்டுக்குக் காப்பி ஊற்ற வருகிறவர்களுக்கு அறை எண் சொல்லிச் சொல்லி வாய்க்கு அதுதான் வந்தது. உன் அம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன், நீயும், சரிங்க சார், முட்டை எப்படி வேணும் என்று கேட்டுவிட்டு உள்ளே போனாய். வெகு நேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவுகிறாய் என்று நினைத்தேன். இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா, வாடிக்கையாளர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

போன வாரம்தான், உன் மின்னஞ்சலை நான் ஐந்தாவது தரம் படிப்பதைப் பார்த்துவிட்டு, உன் அம்மா சொன்னாள். "அன்னிக்கு அவ பாத்திரம் கழுவலை. வயித்துல குழந்தை இருக்கறதை உன்கிட்ட நேர்ல சொல்லணும்னு பத்து நாளா காத்துக்கிட்டிருந்தா. அந்தக் காப்பியை ஊத்திட்டுத்தான் சொல்றதா இருந்தா." நாலு வருஷம் இதை அவள் மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள், நீ சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாயாமே. சத்தியத்தை மீறிவிட்டாள் என்று அவளைக் கோபிக்காதே. ஓனா வரப்போகிற விஷயத்தை நீ ஒரு மாதம் கழித்து போனில் சொன்னாய், அப்போது நான் ஏதோ ஒரு கேட்டில் நின்றுகொண்டு, ரொம்ப சந்தோஷம்மா, விமானத்துக்குக் கூப்பிடறாங்க, அப்புறம் பேசறேன் என்றேன். அப்புறம் பேசினேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. உனக்கு இருக்கும். எனக்கு வெட்கமாக இருக்கிறது தாரு, வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை மேலாளர் போனில் கூப்பிட்டு, ஜூன் இரண்டாம் வாரம் ஆஸ்திரியாவில் கண்காட்சி, நீங்கதான் போகணும் என்றார். முடியாது என்றேன். உங்களை விட்டா வேற யாரு இருக்கா தௌனோ என்றார். முப்பத்தொரு வருஷமாக இதே கேள்விதான், என்னை விட்டால் ஆள் இல்லை என்பதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது, பொய் சொல்வானேன். யாராவது இருப்பாங்க என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. இத்தனை சுலபமாக இருக்கும் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம். உன் அம்மா சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

வேறு விசேஷம் இல்லை. மாடியில் உன் அறையில் என் பெட்டிகள் மூன்றும் எப்போதும் கட்டித் தயாராக நிற்கும் அல்லவா, அவற்றைக் கொட்டகைக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். ஜன்னலுக்குக் கறுப்புத் துணியில் திரை தைத்து மாட்டியிருக்கிறேன், தையல் கோணல்தான், நடுவில் சேர்கிறது. இதைக் கேட்டதற்கு மேல் எழுதிவிட்டதாக எடுத்துக்கொள்ளாதே, வீட்டுச் சேதி என்று எழுதினேன்.

ஒன்பதாம் தேதி நம் ஊர் விமான நிலையத்தில் கதவுக்கு நேராக நான் நிற்பேன். எத்தனையோ ஊர்களில் என் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு யாரோ நின்றிருக்கிறார்கள், இந்த முறை அட்டையைப் பிடிப்பது நான், ஓனா என்று பெரிதாக எழுதியிருப்பேன், அவளுக்கு என் முகம் போனில் பார்த்ததுதானே, தெரியாமல் போய்விடக் கூடாது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைக்கு முத்தம். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நல்லபடியாக வந்து சேர வேண்டும், வழியெல்லாம் உங்களுக்கு நல்ல மனிதர்களே வாய்க்க வேண்டும். உள்ளே கம்பளிச் சட்டை போட்டுக்கொள், ஜூன் என்று நம்பி வராதே.

மறந்துவிடாதே, அந்த ஹோட்டல் பெண் சொன்னது: அறை வேண்டாம் என்றால் அன்று மாலை ஆறு மணிக்குள் சொன்னால் போதும், பணம் பிடிக்க மாட்டார்கள். உங்கள் விமானம் மூன்று நாற்பதுக்கு இறங்குகிறது. வீட்டுக்கு இருபது நிமிஷம். வந்து ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு எங்கே தூங்குவதென்று முடிவு செய்யலாம், நீ எது சொன்னாலும் பெட்டியை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். காப்பி நான் ஊற்றுகிறேன். நீ எண் எதுவும் சொல்ல வேண்டாம்.

என்றும் உன் நலத்தையே நினைக்கும்
அப்பா,
தௌனோ