முதல் சொட்டிலேயே மாறிய நிறம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். முந்தைய மூன்று கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. நான் விடாப்பிடிக்காரன், அதனால் இது நான்காவது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. படியேறும்போது பாதியில் உட்கார்ந்துவிடுகிறாள். மற்றபடி நலம்.

முதலில் என் மனத்தாங்கல். தங்கம் பிரித்த கழிவு வந்து சேரும் குளத்தில் சயனைடு இருக்கிறது என்று எத்தனை பேர் நடுவில் சொன்னாய்? மேலாளர், ஆய்வுக்கூடத்தார், என் கீழே வேலை பார்க்கும் பம்ப்காரர்கள். "அப்பா, உங்க டெஸ்ட் பாதியத்தான் காட்டுது" என்றாய். ஒருவன் சிரித்தான். வீட்டில் சொல்லியிருக்கலாம்.

நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். குளத்துத் தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பாகும் இடத்தில் நிறுத்த நானே பழகிக்கொண்டேன். முதல் சொட்டிலேயே மாறினால் நஞ்சு இல்லை. இருபத்தொன்பது வருஷம் அந்த நிறம் என்னை ஏமாற்றவில்லை. புதிதாக வெட்டும் பாறையில் செம்பு அதிகம், செம்போடு ஒட்டிக்கொண்ட சயனைடை உங்கள் சொட்டு தொடாது, பறவையின் வயிற்றுப் புளிப்பு அதைப் பிரித்து நஞ்சாக்கிவிடும் என்றாய். கந்தகப் புகையும் காற்றும் செலுத்தி நஞ்சை முறிக்கும் தொட்டி வேண்டும் என்று அறிக்கை கொடுத்தாய். "நேத்து வந்தவ எனக்குக் குளத்தக் காட்டுறாளா?" என்றேன். அதோடு விட்டேனா? உன் சோதனை தவறு என்று மேலாளர் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டேன். அதைக் காட்டித்தான் உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

போன மாதம் வாத்துகள் இறங்கின. அன்று காலையும் முதல் சொட்டிலேயே நிறம் மாறியது. ஏட்டில் 'பாதுகாப்பு' என்று எழுதினேன். மதியத்துக்குள் நாற்பத்தாறு வாத்துகள் வயிறு மேலாக மிதந்தன. நானே வலை வீசி இழுத்தேன். பம்ப்காரர்களில் மூத்தவன், "பெருசு, இன்னிக்கு ஏட்டுல என்ன எழுதினீங்க?" என்றான். கிண்டலாகக் கேட்டிருந்தால் திட்டியிருப்பேன். மெதுவாகக் கேட்டான்.

வருகிற திங்கட்கிழமை வாத்துகள் செத்தது பற்றி விசாரணை. யாரும் எச்சரிக்கவில்லை என்று மேலாளர் சொல்லப்போகிறார். "நீங்களும் அப்படியே சொல்லிடுங்க பெரியவரே, உங்களுக்கு ஒண்ணும் வராது" என்கிறார். உன் அறிக்கையின் நகல் என் அலமாரியில் இருக்கிறது. கோபத்தில் கிழிக்கத்தான் எடுத்தேன், அடியில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிட்டேன். அதையும் என் ஏட்டையும் கொண்டுபோகிறேன். நான் கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றியும் சொல்வேன். உன் அம்மா, "அதே கையாலதானே குடுக்கப் போறீங்க?" என்றாள். நான் திங்கட்கிழமைக்குச் சட்டையைத் தேய்க்கப் போட்டேன்.

இப்போது தொட்டி கட்டுகிறார்கள். குழாய் எங்கே போகிறது, காற்று எங்கே நுழைகிறது என்று தினமும் நின்று பார்க்கிறேன். புதிதாக வந்த ஆய்வுக்காரர் சொல்லித் தரட்டுமா என்றார். வேண்டாம், எங்கள் வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்றேன்.

அத்தனை பேர் முன்னால் நீ சொன்னது தப்புதான். அதில் நான் மாறமாட்டேன். வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். வீடு இங்கேதான் இருக்கிறது. வந்து சொல்லம்மா. இந்தத் தடவை குறுக்கே பேசமாட்டேன்.

எங்கிருந்தாலும் நன்றாக இரு.

உன் அப்பா