கமான் பட்டை போடாத வேன்

அண்ணாச்சி,

இன்று காலை பார்சலைப் பிரித்தேன். உள்ளே நம் வேனின் ஸ்பிரிங் முனைகளில் மாட்டும் புது ரப்பர் புஷ்கள். அட்டைப் பெட்டியைத் திறந்ததும் அந்தப் புது ரப்பர் வாசம் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. "இன்னாங்க, டயர் கடைய வூட்டுக்குள்ள வெச்சிகினீங்களா?" என்று அடுக்களையிலிருந்து என் வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். நான் பெட்டியை மடியில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த வாசம் வந்தால் எனக்கு நம் சண்டைதான் ஞாபகம் வருகிறது.

நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. வேன் நன்றாக ஓடுகிறது. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நிலக்கரிச் சுரங்கத்தில் நீங்கள் டம்பர் லாரிகளுக்கு மெக்கானிக், நான் கன்வேயர் பக்கம் வெல்டர். ரிட்டையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே அடுத்தடுத்த தெருவில் வீடு கட்டிக்கொண்டோம். எல்லோரும் சும்மா இருந்த அந்த வயதில் நீங்கள் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் நிறுத்தினீர்கள். "வே, இதுக்குள்ள ஒரு வீடு கட்டணும். வெல்டிங் நீரு" என்றீர்கள்.

காரணம் அண்ணி. முதுகில் டிஸ்க் நழுவியதிலிருந்து அவரால் அரை மணி நேரம்கூட உட்கார முடியாது. படுத்துத்தான் போக வேண்டும், அவ்வப்போது இறங்கி நாலடி நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸோ ரயிலோ அதற்கு ஒத்துவருமா? அம்பாசமுத்திரத்தில் படுக்கையில் கிடந்த தன் அக்காவை அவர் பார்த்து ஆறு வருடமாகியிருந்தது.

இரண்டு மாதம் உழைத்தோம். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, ஒரு அலமாரி. எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தால் வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து கிடந்தது. அங்கேதான் ஆரம்பித்தது.

"பின்னாடி குந்திகினு இருக்குது அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்குல கமான் பட்டை ஒண்ணொண்ணு சேத்துப் போட்டாத்தான் நிமிரும்" என்றேன்.

"என்னவே சொல்லுதீரு? இருபத்தஞ்சு பிள்ளையளும் பையுமா ஏறுன வண்டி. ஒரு கட்டில தாங்காதா? பட்டையக் கூட்டினா வண்டி கல்லு மாதிரி ஆயிரும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவ முதுகுலதான் இடிக்கும்."

"புள்ளைங்க சாயங்காலம் எறங்கிடுங்க. கட்டிலு எறங்குமா? ராவும் பகலும் உள்ளயே இல்ல இருக்கும்?"

"உமக்கு இரும்புதான் தெரியும், ஸ்பிரிங் தெரியாது."

இந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன். நான்கு நாள் பேச்சில்லை. பால் வாங்கப் போனால்கூட நான் இந்தப் பக்கம், நீங்கள் அந்தப் பக்கம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அறுபதைத் தாண்டிய இரண்டு ஆண்கள்!

ஐந்தாம் நாள் அண்ணியே சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல என் வீட்டுக்கு வந்தார். பின்னால் தலையைக் குனிந்தபடி நீங்கள்.

"ரெண்டு பேரும் வேனச் சுத்திச் சுத்தி வந்து சண்ட போடுதீய. உள்ள படுத்துட்டுப் போகப்போறது யாரு தம்பி? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீயளா? வாங்க, பண்ருட்டி வரைக்கும் போய்ட்டு வருவோம். நான் சொல்லுதேன், எங்க வலிக்குன்னு."

அண்ணி உள்ளே படுத்துக்கொண்டார். கையில் ஒரு கரண்டி. வலித்தால் ஒரு தட்டு, நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு தட்டு என்று ஏற்பாடு. நீங்கள் ஓட்டினீர்கள், நான் பக்கத்தில். முதல் வேகத்தடையில் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சத்தமில்லை. உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, எனக்கு எரிச்சல் வந்தது. முத்தாண்டிக்குப்பம் தாண்டியதும் டங், டங் என்று இரண்டு தட்டு. நீங்கள் வண்டியை ஓரங்கட்டி, செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினீர்கள்.

அண்ணி கட்டிலில் சாய்ந்திருந்தார். "பலாப்பழ வாசம் வருது. எறங்கி ஒண்ணு வாங்குங்க."

பழத்தை வாங்கி உள்ளே வைத்த பிறகுதான் தீர்ப்பு வந்தது. "குலுக்கல் ரொம்ப இல்ல. ஆனா வளைவு வந்தா இடது பக்கமா உருட்டுது. வண்டி ஒத்தக்கால்ல நிக்கி."

நாம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாள் வண்டியின் பக்கவாட்டில் நின்றே வாதாடியிருக்கிறோம். பண்ருட்டியில் லாரி எடைபோடும் மேடையில், முதலில் முழு வண்டியையும் அப்புறம் இடது பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பார்த்தோம். மொத்த எடை வண்டி தாங்கக்கூடியதுதான். ஆனால் இடது பக்கம் மூன்று ஆள் கனம் கூடுதல். தொட்டி, அடுப்பு, சிலிண்டர், அலமாரி எல்லாம் அந்தப் பக்கமே. அதிலும் அந்த அலமாரி! சுரங்கத்துப் பழக்கத்தில் கனமான ஆங்கிள் இரும்பை வைத்து நான் பற்றவைத்தது. நீங்கள் அதன் கதவை ஒரு கையால் தூக்கிப் பார்த்தீர்கள், முடியவில்லை.

"வே, என் பொண்டாட்டிக்குச் சேலை வைக்க அலமாரி செஞ்சீரா, டம்பருக்குக் கதவு செஞ்சீரா?"

எடை மேடைக்காரர் வெளியே வந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். உங்களுக்குப் புரையேறிவிட்டது.

என் கையாலேயே அந்த அலமாரியை அறுத்து எடுத்துப் பிளைவுட்டில் செய்தேன். தொட்டியைப் பின் அச்சுக்கு மேலே நடுவில் மாற்றினோம். எண்ணெய் கசிந்த இரண்டு ஷாக் அப்சார்பர்களும் புதிதாயின. கமான் பட்டை வரை வேலை போகவேயில்லை. வண்டி தானாக நிமிர்ந்தது. போன மாதம் வண்டி கடகடத்தபோது பண்ருட்டி மெக்கானிக், "பின்னாடி ஸ்பிரிங்குக்குத் தொணையா காத்தடைக்கிற ஏர் பேக் போட்டுடலாங்களா, இப்ப எல்லாரும் அதான் போடறாங்க" என்றார். முதலில் எடை போட்டுப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். போட்டோம். தேவைப்படவில்லை. புஷ்தான் தேய்ந்திருந்தது.

அண்ணி நலம். அம்பாசமுத்திரத்து அக்கா இன்னும் இருக்கிறார், இவரைப் பார்த்தால் அடையாளம் தெரிகிறது. அடுத்த வாரம் அங்கே நான்தான் வேனை ஓட்டிப் போகிறேன், என் வீட்டுக்காரியும் வருகிறாள்.

அக்காவைப் பார்க்கப் போன அந்த முதல் பயணத்தில் திருமங்கலம் தாண்டியதும் நீங்கள் ஒரு புளியமர நிழலில் நிறுத்தினீர்கள். "நீரு ஓட்டும், எனக்குக் கண்ணு சொக்குது" என்று சாவியைக் கொடுத்தீர்கள். பெற்ற மகனுக்குக்கூட ஸ்டியரிங்கைத் தராதவர் நீங்கள். அண்ணியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்து, நான் நாலாவது கியர் போடுவதற்குள் குறட்டை விட்டீர்கள். நான் பற்றவைத்த ஒவ்வொரு இணைப்பையும் முப்பது வருடம் யாராவது தட்டிப் பார்த்து, அளந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எதையும் பார்க்காமல் கண்ணை மூடியவர் நீங்கள் ஒருவர்தான் அண்ணாச்சி. அன்று அம்பாசமுத்திரம் வரை முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ஓட்டினேன். இன்றும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.