மாட்டு டாக்டர் பாடிய சாயங்காலம்

என் புதினாக்காரிக்கு,

குழாயடியில் நீ நட்ட புதினா காடாக மண்டிவிட்டது. நேற்று அதைக் கசக்கி, வெள்ளரிச் சாறும் எலுமிச்சையும் தேனும் சேர்த்து, வழக்கம்போல் தொழுவத்துக்குப் பின்னால் உட்கார்ந்து காக்டெயில் கலக்கினேன். கன்றுக்கு ஊசி போட வந்த மாட்டு டாக்டர் இரண்டு கிளாஸ் குடித்தார். வயல் முழுக்க மஞ்சள் வெயில் மிதந்துகொண்டிருந்தது. கண் செருகிப் பாடவே ஆரம்பித்துவிட்டார்.

"ஜின் கொஞ்சம் தூக்கலா இருக்கே, தம்பி! இனி வண்டி ஓட்டக் கூடாதுப்பா" என்று ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

நான் சிரித்துக்கொண்டே கிளாஸ்களைக் கழுவப் போனேன். குடியை மறக்க உன்னை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த அன்றே ஜின் பாட்டில்களையெல்லாம் எருக்குழியில் கவிழ்த்துவிட்டேன்.

எப்போது அனுப்புவார்கள் என்று கேட்கமாட்டேன். மெதுவாகவே வா. சாயங்காலம் அப்படியேதான் இருக்கிறது. உன் கிளாஸிலும் இதைத்தான் ஊற்றுவேன்.

என் கிளாஸிலும்.

உன் வீட்டுக்காரன்