பெரிலுக்காக ஒரு ஜனவரி வாரம்

ஜனவரி 3, 2011, திங்கள்

மாடிப்படிக்கு அடியிலிருந்து நடைபூட்ஸை எடுத்து மெழுகு பூசினேன். பக்கத்திலேயே என் கணவர் நெவிலுடையதும் இருந்தது. கை தானாக அதற்கும் பூசிவிட்டது. பூசி முடித்த பிறகுதான் யாருக்கு என்று கேட்டுக்கொண்டேன்.

மகன் போன் செய்தான். இந்தக் குளிரில் யார்க்ஷர் மலையில் போய் நடக்காவிட்டால் என்ன என்றான். பெரிலுக்காகத்தான் போகிறேன் என்றேன். புருஷன் கிளைவ் அவளை விட்டுவிட்டு அந்தப் பல் வைத்தியர் ஆபீஸ் பெண்ணோடு போன பிறகு, அவளுக்கென்று வருஷத்தில் இருப்பது இந்த ஒரு வாரம்தான். அதையும் நான் பறிக்க வேண்டுமா? பாவம், தனியாக விட முடியுமா?

நெவிலும் கிளைவும் ரயில்வே அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர்கள். இருபது வருஷத்துக்கு மேலாக ஜனவரி தவறாமல் ஒரே வீட்டை வாடகைக்குப் பிடித்து, வரைபடத்தோடு அவர்கள் முன்னால் போவார்கள். நானும் பெரிலும் பின்னால் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவோம். அவள் என் தோழியா? தெரியவில்லை. நெவிலுடைய தோழரின் மனைவி. இப்போது அதுவும் இல்லை.

ஜனவரி 8, சனி

கெல்ட் கிராமத்துக்கு வந்து சேர்ந்தோம். வீட்டுக்காரி பிரெண்டா அடுப்பை மூட்டி, பாலும் முட்டையும் வைத்திருந்தாள். அதே சாய்ந்த தரை, அதே ஈரக் கம்பளி வாசனை.

பெரிய அறை யாருக்கு என்பதில் அரை மணி நேரம் போயிற்று. நீங்க எடுத்துக்குங்க என்றாள். இல்லை நீங்க என்றேன். டீ ஆறிப்போனது. கடைசியில் பெரிய அறை எனக்கு விழுந்தது. எனக்கு வேண்டியிருந்தது அடுப்புக்குப் பக்கத்துச் சின்ன அறை.

டார்லிங்டனிலிருந்து ஒரு குடும்பம் இதே வாரத்தை அடுத்த வருஷத்துக்குக் கேட்கிறதாம். நாங்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். பெரில் என்னைப் பார்த்தாள், நான் பெரிலைப் பார்த்தேன். அவங்க இஷ்டம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். "ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க கண்ணு, எனக்கு உங்க சண்டை வேணாம்" என்றாள் பிரெண்டா.

டார்லிங்டன்காரர்களை நான் பார்த்ததுகூட இல்லை. ஆனால் இன்று மாலை முழுக்க அவர்கள்மேல் கோபமாக இருந்தேன்.

ஜனவரி 9, ஞாயிறு

ஆற்றோரமாகப் பக்கத்து ஊர் மியூக்கர் வரை நடந்தோம். புல்வெளிச் சுவர்களில் ஆள் மட்டும் நுழையும் குறுகல் சந்துகள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றில் நெவில் ஒரு வருஷம் முதுகுப்பையோடு மாட்டிக்கொண்டார். கிளைவ் முன்னாலிருந்து இழுக்க, நான் பின்னாலிருந்து தள்ள, நடுவில் நின்றபடி நிதானமாக ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். இன்று அந்தச் சந்து வழியே போகும்போது கல்லைத் தொட்டுப் பார்த்தேன். எவ்வளவு குளிர்.

மதியம் சுவரோரம் உட்கார்ந்து பழக் கேக்கும் வென்ஸ்லிடேல் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டோம். "இன்னும் ஒரே ஒரு மேடுதான்" என்பார் நெவில் ஒவ்வொரு மேட்டிலும். அத்தனையும் பொய். அந்தப் பொய்யைக் கேட்க இன்று எதையும் கொடுத்திருப்பேன். அழவில்லை. மூக்குதான் ஒழுகியது.

பெரில் தன் பங்குக் கேக்கில் பாதியை என் பக்கம் நகர்த்தினாள்.

ஜனவரி 10, திங்கள்

மழை. சீட்டாட்டம். இருவரும் தோற்கப் பார்த்தோம்.

ஜனவரி 11, செவ்வாய்

இந்தப் பள்ளத்தாக்கில் கைபேசி எடுக்காது. வீட்டுப் போன் நடைவழியில் இருக்கிறது. நான் மாடிப்படியில் ஒரு காலுறையோடு நின்றிருந்தேன். பெரில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். "எனக்காக எங்கடி வர்றேன்? ஆட்ரிக்காகத்தான். நெவில் போனப்புறம் அவளுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. பாவம்டி."

பாவமா? நானா?

இதே வார்த்தையைத்தான் நானும் மகனிடம் சொன்னேன் என்று தெரிகிறது. தெரிந்தும் கோபம் அடங்க மாட்டேன் என்கிறது. என்னைப் பார்த்துப் பாவப்பட இவள் யார்? இரவு சூப்பில் உப்பே போடவில்லை. அவள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குடித்தாள்!

ஜனவரி 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

காலையில் மேகம் தோட்டச் சுவர் வரை இறங்கியிருந்தது. புத்தியுள்ளவர்கள் யாரும் மேலே போக மாட்டார்கள். வேண்டாம் என்று நான் சொன்னால் அதற்கும் சேர்த்துப் பாவப்படுவாளே என்று, போகலாமா என்றேன். உங்களுக்கு ஆசையாக இருந்தால் எனக்கும் சரிதான் என்றாள். எனக்கு எங்கே ஆசை? பூட்ஸை மாட்டினேன். அவளும் மாட்டினாள்.

பழைய ஈயச் சுரங்கத்துக் கல்மேடுகளுக்கு நடுவே பாதை தொலைந்தது. கை நீட்டினால் கை தெரியவில்லை. பெரில் முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டாள். இழுத்து வெளியே எடுத்தபோது, ரொம்ப நன்றி, தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்கிறாள். எதிரே வைக்கோல் வைக்கும் கல்கொட்டகை ஒன்று தட்டுப்பட்டது. உள்ளே நுழைந்து உட்கார்ந்தோம். பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றினேன்.

"எனக்கு இது பிடிக்கல" என்றாள் பெரில்.

டீயைச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"இது எல்லாமேதான். இந்த மலை, சேறு, ஆடுங்க, பாழாப்போன பூட்ஸ். முதல் வருஷத்துலேர்ந்தே பிடிக்கல. கிளைவுக்காக வந்தேன். அப்புறம் உனக்காக வந்தேன்."

"நான் உனக்காகத்தான் வந்தேன்."

ஒருவரை ஒருவர் பார்த்தோம். வெளியே ஒரு ஆடு இருமியது. சிரிப்பு வந்தது, எனக்கு விலா வலிக்கும் வரை, அவளுக்கு டீ கொட்டும் வரை. ஆனால் சிரித்து ஓய்ந்ததும் உள்ளுக்குள் ஏதோ இடறியது. ஏனென்றால் நான் சொன்னது உண்மையில்லை.

"பொய் சொன்னேன் பெரில். எனக்காகத்தான் வந்தேன். வீட்டுல அவர் இல்ல. கல்லறையில போய் நின்னா அங்கயும் இல்ல. இங்கதான் இருக்கார். இந்த வாரம் இல்லன்னா எனக்கு வேற இடம் தெரியல."

அவள் வெகுநேரம் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தாள். "இதை ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

எப்படிச் சொல்வது? யார் சொல்கிறார்கள் இதையெல்லாம்?

வழி கண்டுபிடித்தது அவள்தான். வந்த திசை, ஓடை, உடைந்த சுவர், எல்லாம் மனப்பாடம். எப்படி என்றேன். இத்தனை வருஷமும் திரும்பிப் போகும் வழியை மட்டும்தான் பார்த்துக்கொண்டு வந்தேன் என்றாள்.

ஜனவரி 13, வியாழன்

அவளுக்குச் சளி, எனக்கு முழங்கால். இருவரும் அடுப்பு முன்னால். வெளியே நல்ல வெயில், வேண்டுமென்றே.

ஜனவரி 14, வெள்ளி

பிரெண்டா வருவதற்கு முன் கேட்டுவிட்டேன். சிரமம் இல்லையென்றால், முடிந்தால், ஒருவேளை என்று எந்த ஒட்டும் சேர்க்காமல். "அடுத்த வருஷமும் என்னோட வா. எனக்கு வேணும்."

பெரில் கையிலிருந்த கோப்பையைத் துடைத்து முடித்தாள். இன்னொன்றையும் துடைத்தாள்.

"மாட்டேன் ஆட்ரி."

இத்தனை வருஷத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் 'மாட்டேன்'. சரி, ஒன்றுமில்லை, புரிகிறது என்று சொல்லிவிட்டுப் பெரிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். என்ன புரிகிறது? ஒரு மண்ணும் புரியவில்லை. நன்றாக அழுதேன்.

பிரெண்டா வந்தபோது முகம் கழுவிக்கொண்டு போனேன். அந்த வாரத்தை யாருக்கும் கொடுக்காதே, எனக்கு வேண்டும் என்றேன். எத்தனை பேர் என்றாள். ஒருத்தி என்றேன். பெரில் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

மார்ச் 20

பெரில் போன் செய்தாள். ஏன் என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். சும்மா என்று இதற்கு முன் அவள் போன் செய்ததே இல்லை.

ஜூன் 5

ஸ்கார்பரோவில் பெரிலோடு இரண்டாம் நாள். கடற்கரை நாற்காலியை விட்டு அவள் எழவே இல்லை. நடக்கலாமா என்றேன், மாட்டேன் என்றாள். இந்த வார்த்தையை அவள் இப்போது ரசித்துச் சொல்கிறாள். நானும் உட்கார்ந்துவிட்டேன். கிளைவ் பெட்டி கட்டிய அன்று அவன் சட்டைகளை இவளே இஸ்திரி போட்டுக் கொடுத்தாளாம். "மடிப்போட போகட்டும்னு நினைச்சேன், என் புத்திய என்ன சொல்ல." நெவிலின் கடைசி வாரத்தைப் பற்றி நான் சொன்னேன். மகனிடம்கூட அதைச் சொன்னதில்லை. ஐஸ்கிரீம் கையெல்லாம் வழிந்தது.

ஜனவரி 9, 2012, திங்கள்

கெல்ட். தனியாக மூன்றாம் நாள்.

இன்று மேட்டு நிலத்துக்குப் போனேன். துல்லியமான வானம், சேறு பாதிதான் இறுகியிருந்தது. சுவரோரம் உட்கார்ந்து கேக் சாப்பிட்டேன். நெவில் இருந்தார். போன வருஷம் இருந்த அளவுக்கு இல்லை. அது வலித்தது. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் வருவாரோ என்று உட்கார்ந்தேன், அதனால் இறங்க நேரமாகிவிட்டது.

கதவைத் திறக்கும்போதே நடைவழியில் போன் அடித்துக்கொண்டிருந்தது. பிரெண்டாவின் கம்பளத்தில் சேற்றுக் காலோடு ஓடி எடுத்தேன்.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? இருட்டி எவ்வளவு நேரமாச்சு? போலீசுக்குச் சொல்ல இருந்தேன்."

வந்துவிட்டேன் என்றேன். மேலே எப்படி இருந்தது என்று கேட்டாள். பிரமாதம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தனியா இருந்துச்சு, பெரில்."

அந்தப் பக்கம் அவள் நாற்காலியை இழுத்துப் போடுவது கேட்டது.

"சரி. போனை வைக்காதே. அப்படியே மேசை மேல வச்சுட்டு பூட்ஸைக் கழட்டு, ஏதாவது சூடா போட்டுக் குடி. நான் லைன்லயே இருக்கேன்."

முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது, கழற்ற வெகுநேரம் பிடித்தது. கெண்டியை அடுப்பில் வைத்தேன், டீ போட்டேன், கோப்பையோடு திரும்பி வந்து போனை எடுத்தேன். அவள் இருந்தாள்.