ஜெயசீலி வாங்கிய கடன்

சிவகாசி
14-6-1964

அன்பு மகள் ஜெயசீலிக்கு,

விரலிடுக்கில் லேபிள் மை போகாத அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் தங்கை தேவமணியும் கர்த்தர் கிருபையால் சுகம். விடுதிச் சாம்பாரில் பருப்பு ஏதும் தட்டுப்பட்டதா என்று எழுதவும்.

உன் கடிதத்தை அச்சாபீசில் மெஷின் ஓடும்போதே பிரித்துவிட்டேன். "இரசாயனத்தில் வகுப்பிலேயே முதல்" என்ற வரியில் என் கண் நின்றுவிட்டது, மெஷின் நிற்கவில்லை. கிளிப் படம் போட்ட தீப்பெட்டி லேபிள். மூக்கில் விழ வேண்டிய சிவப்பு வாலில் விழுந்து, ஒரு கட்டுத் தாள் வீண்.

முதலாளி வந்து பார்த்து, "என்னய்யா, உன் கிளி வாலால கொத்துமோ?" என்றார்.

"எம் மக கிளாஸ்ல முதல், முதலாளி."

"அதுக்குக் கிளி என்னய்யா பாவம் பண்ணுச்சு?"

தாளுக்குக் காசு பிடிக்கவில்லை. நல்ல மனுஷர்.

கடிதத்தின் மறுபாதியை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். கடைசி வருஷப் படிப்புக்கு அரசாங்கம் கடன் கொடுக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்மா. பிரஸ்ஸில் ஆர்டர் குறைந்து வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்பதும், கட்டணம் கட்ட என் கையில் இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் கடன் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. உன் தாத்தா தீப்பெட்டிக் கம்பெனியில் முன்பணம் வாங்கினார். கம்பெனி ஏட்டில் ஏறியது என் பெயர். ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கப் போனேன். பணம் ஒரு வாரத்தில் தீர்ந்தது. நான் வெளியே வந்தது மீசை முளைத்த பிறகு. அரசாங்கம் இன்னும் பெரிய கம்பெனி அல்லவா? உன்னை எந்த ஊரில், எத்தனை வருஷம் உட்கார வைப்பார்களோ?

வேறு ஏற்பாடு பார்க்கிறேன். நீ கவலைப்படாதே.

உன் அப்பா,
தே. தேவாசீர்வாதம், ஆறரை வகுப்பு

---

மதுரை
19-6-1964

கிளியை வாலால் கொத்த வைத்த என் அப்பாவுக்கு,

ஜெயசீலி எழுதுவது. நான் சுகம். பருப்பு இன்னும் அகப்படவில்லை. உங்கள் கடிதத்தை அறையில் சத்தமாகப் படித்தேன். அடுத்த அறைப் பெண்கள் வந்து மறுபடி படிக்கச் சொன்னார்கள். தாத்தா வாங்கிய முன்பணம் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். அது எனக்கு மட்டும் எழுதியது.

அதே நாளில் அம்மா சொல்லச்சொல்லத் தேவமணி எழுதிய கார்டும் வந்தது. நீங்கள் சொன்ன வேறு ஏற்பாடு என்னவென்று அதில் தெரிந்தது. தீப்பெட்டிக் கம்பெனிக் கணக்கப்பிள்ளை சீனிவாசகம் வீட்டுக்கு வந்தாராமே? "சின்னவ பேர ஏட்டுல எழுதிக்கிடுவோம், மூத்தவ படிப்பும் முடிஞ்சிரும்லா" என்றாராமே? நீங்கள் "பார்ப்போம்" என்றீர்களாம். கார்டின் ஓரத்தில் தேவமணி தன் பங்குக்கு, "அக்கா, நான் வேகமா அடுக்குவேன்" என்று எழுதியிருக்கிறாள். அவள் எட்டாம் வகுப்பு, அப்பா.

அவள் பெயர் ஏட்டில் ஏறினால், அன்றைக்கே பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடுவேன். பட்டம் வேண்டாம்.

அரசாங்கக் கடன் அப்படிப்பட்டதல்ல. வாங்குவது நான். வேலைக்குப் போன பிறகு, சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டப்போவதும் நான். எந்த ஊரில் என்ன வேலை என்பது என் இஷ்டம். நான் கட்டாவிட்டால் மட்டும் பிணை நிற்பவரைக் கேட்பார்கள். அந்த இடத்தில் உங்கள் கையெழுத்து வேண்டும். பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும். கடன் வரும்வரை கட்டணத்துக்குப் பொறுத்துக்கொள்வதாகக் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

பயமாக இருந்தால் கையெழுத்துப் போடாமலே திருப்பி அனுப்புங்கள். எனக்குக் கோபம் வராது. அழுகை வரும், அவ்வளவுதான்.

உங்கள் மகள்,
ஜெயசீலி

---

சிவகாசி
24-6-1964

மகளே,

நான் "பார்ப்போம்" என்று சொன்னது நிஜம். அந்த வார்த்தைக்காக உன் அம்மா ஒரு வாரமாக எனக்குச் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை.

நேற்றுச் சாயங்காலம் சீனிவாசகம் மறுபடி வந்தார். மடியில் பணம், கக்கத்தில் ஏடு.

"என்ன தேவாசீர்வாதம், எழுதிரவா?"

"வேண்டாம்ய்யா. வேற எடத்துல கடன் கெடைக்கப் போவுது."

"எங்கன?"

"கவர்மெண்டுல."

"ஒனக்கா?"

"எனக்கு எவன் குடுப்பான்? எம் மூத்தவளுக்கு. நான் பிணை. அவ கட்டலைன்னா என்னைத்தான் பிடிப்பாக."

மனுஷர் சிரித்த சிரிப்பில் ஏடு கீழே விழுந்தது. "ஏலே, அப்பன் வாங்குன பணத்துக்குப் பிள்ளை வரும். நீ பிள்ளை வாங்குற பணத்துக்கு நிக்கியா? ஊர்ல இல்லாத தலைகீழா இருக்கே!"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. எம்புட்டு நல்ல தலைகீழ்! உள்ளேயிருந்து அம்மா, "அண்ணாச்சி, காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றாள். ஒரு வாரத்துக்குப் பிறகு கேட்ட குரல்.

இன்று பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஞானசுந்தரி அம்மா முன்னிலையில் கையெழுத்துப் போட்டேன். "பிணையாளியின் ஆஸ்தி" என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று விழித்தேன். "ஓட்டு வீடு இருக்குல்லா, அதை எழுதும்" என்றார்கள். மழைக்கு ஒழுகும் என்பதையும் எழுதலாமா என்று கேட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதச் சொல்லிவிட்டார்கள். பத்திரம் இத்துடன் வருகிறது. பத்திரமாகக் கொடு.

அப்பா

---

மதுரை
27-7-1964

அப்பா, அம்மா, தேவமணிக்கு,

கடன் கிடைத்துவிட்டது. கட்டணம் கட்டிவிட்டேன். ஆய்வுக்கூடத்தில் எனக்கென்று ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள். மற்றவை பின்னால்.

ஜெயசீலி

---

சிவகாசி
2-8-1964

அன்புக் கடன்காரி ஜெயசீலிக்கு,

இப்போதுதான் ஆலயத்திலிருந்து வந்தோம். நான் பண்ணிவிட்டு வந்த காரியத்தை அம்மா எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

ஆராதனையில் போதகர் ஐயா, காணிக்கை உறைகளின் மேல் அவரவர் எழுதியிருந்த நன்றியை வாசித்துக்கொண்டே வந்தார். ஒரு வீட்டில் காய்ச்சல் நின்றதற்கு, ஒரு வீட்டில் பசு கன்று ஈன்றதற்கு. அடுத்தது என் உறை. "மகள் ஜெயசீலிக்குக் கடன் கிடைத்ததற்காக ஸ்தோத்திரம்" என்று எழுதியிருந்தேன். ஐயா உறையைத் தூக்கிப் பார்த்தார். படிப்பில்லாதவன் தப்பாக எழுதிவிட்டான் என்று இரக்கப்பட்டிருக்க வேண்டும். "கடன் தீர்ந்ததற்காக" என்று திருத்தி வாசித்துவிட்டார்.

நான் எழுந்துவிட்டேன். "ஐயா, தீரல. இப்பத்தான் கெடைச்சிருக்கு."

ஆலயமே திரும்பியது. பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா கண்ணாலேயே உட்காரச் சொன்னாள்.

"கடனுக்கா ஸ்தோத்திரம்?" என்றார் ஐயா.

"ஆமாய்யா. இந்தப் பிள்ள மொதல்ல படிக்கட்டும், பொறவு தரட்டும்னு எங்க வீட்டுப் பிள்ளைய நம்பி ஒருத்தர் சொன்னது இதான் மொதத் தடவ. எழுதுனபடியே வாசிங்க."

ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, எழுதியபடியே வாசித்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அடுத்த பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் நின்றுகொண்டேயிருந்தேன். மறதியில் அல்ல. உன் அப்பா யாரென்று பின்வரிசைக்கும் நன்றாகத் தெரியட்டும் என்றுதான்.

அன்பு அப்பா,
தேவாசீர்வாதம்