முயல் ஆடிய ஆட்டம்

மைசூரு,
ஞாயிற்றுக்கிழமை

பிரியமுள்ள அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் முதுகுவலி தேவலையா? நான் சுகம்தான். ஹாஸ்டல் சாம்பாரில் வெல்லம் போடுகிறார்கள், அது ஒன்றுதான் குறை.

போன் எப்போதும் நம் ஷெரின் கையில் இருப்பதால் இதைக் கடிதமாக எழுதுகிறேன். நேற்று வீடியோவில் அவளிடம், "ஏழெட்டு எத்தனை?" என்று கேட்டேன். "ஐம்பத்தாறு" என்று டக்கென்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.

"என்னம்மா?"

"சரியா சொன்னா முயல் டான்ஸ் ஆடும். நீ ஆடலியே?"

போனில் அவள் ஆடும் வாய்ப்பாடு விளையாட்டில் வருமே, அந்தக் காது நீண்ட சனியன்! விடுவேனா? நர்ஸ் யூனிபாரத்தோடு ஹாஸ்டல் வராந்தாவிலேயே ஆடினேன். கூட இருந்த கன்னடப் பிள்ளைகள் கைதட்டினார்கள். உங்கள் மகளோ, "முயல்தான் நல்லா ஆடுது" என்று கட் பண்ணிவிட்டாள்.

பெற்றவள் முகம் மறக்கக்கூடாது என்றுதான் அந்தப் போனை வாங்கித் தந்தேன். விளையாட்டை நிறுத்த வேண்டாம், கணக்கு நன்றாக வருகிறதே. ஆனால் எனக்கு வயிறு எரிகிறது.

பார்சலில் கருப்பட்டி வையுங்கள். அந்த விளையாட்டின் பெயரையும் எழுதி வையுங்கள். கிறிஸ்துமஸுக்கு வருவதற்குள் முயலின் ஆட்டத்தைப் பழகிவிடுகிறேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

நிம்மி

தூங்கும் முன்னால் அந்த முயலுக்கும் முத்தம் கொடுக்கிறாளா? கொடுத்தால் என்னிடம் சொல்லாதீர்கள்.